நாலு பெட்டி ஒண்ணான ராத்திரி

சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் சொல்லிவிட்டேன், வில்லியனூர் டீக்கடையில் சொல்லிவிட்டேன், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் இந்திரா காந்தி சிலையருகே இறங்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார், தங்கமான மனுஷர். ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. பிள்ளைச்சாவடியில், அலைச் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்த ஒரு சின்ன அறையில், ராத்திரி பதினொன்றே காலுக்கு, நாலு நெட்வொர்க் சுவிட்சுகள் ஒன்றையொன்று தேடி, ஒன்றையொன்று கண்டுபிடித்து, தங்களுக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்து, ஒரே சுவிட்சாக எழுந்ததை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!

இருபது வருஷமாகக் கேபிள் இழுக்கிறவன் நான். ஸ்டாக் போடுவது, அதாவது இப்படிப் பெட்டிகளை ஒன்றாகக் கட்டுவது, எனக்குப் புதிதில்லை. ஆனால் இத்தனை நாளும் என்ன செய்வேன் தெரியுமா? பின்னால் கேபிளைச் செருகுவேன், மின்சாரம் கொடுப்பேன், டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் மட்டும் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன், தாலி கட்டுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவைதான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

சுவிட்ச் என்றதும் சுவரில் இருக்கிற விளக்கு சுவிட்சை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆர்மோனியப் பெட்டியைத் தட்டையாக அழுத்தினது மாதிரி ஒரு தகரப் பெட்டி, முகப்பில் 48 போர்ட். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டரோ கேமராவோ வைஃபை பெட்டியோ வந்து செருகிக்கொள்ளும். யாருக்கு என்ன வருகிறதோ அதை அவருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இதன் வேலை. 48 போதாது என்றால் இன்னொரு பெட்டி, அதுவும் போதாது என்றால் இன்னொன்று. அப்படி நாலு வாங்கினால் நாலு முகவரி, நாலு பாஸ்வேர்டு, ஒரே அமைப்பை நாலு தடவை எழுதும் வேலை. ஸ்டாக் என்ன செய்கிறது என்றால், பெட்டிகளின் முதுகுப் பக்கம் தடிமனான தனிக் கேபிளால் வளையமாகக் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான், நாலும் சேர்ந்து 192 போர்ட் உள்ள ஒரே சுவிட்ச்! ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே மூளை.

புதுச்சேரிக்காரருக்கு இதை இவ்வளவு விளக்கவே வேண்டாம். புதுச்சேரி இங்கே, காரைக்கால் தெற்கே நாகைப் பக்கம், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில், மாகி கேரளக் கடலோரத்தில். நாலுக்கும் நடுவே ஒரு வரப்பளவு தொடர்ச்சிகூடக் கிடையாது, ஆனாலும் ஒரே சட்டசபை, ஒரே பெயர். அன்றைக்குச் சாயங்காலம் வில்லியனூரிலிருந்து வண்டியில் போகும்போதும் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்: முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு, பொம்மையார்பாளையம் தாண்டுகிறவரைக்கும் தமிழ்நாடு, அப்புறம் பிள்ளைச்சாவடி, திரும்பவும் புதுச்சேரி! நடுவில் விட்டுப்போன மண், தன் பெயரை மட்டும் விடவில்லை.

பிள்ளைச்சாவடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அங்கே இருக்கும் பொறியியல் கல்லூரிதான் தெரியும். 1980களில் தொடங்கியது, 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியது. ஆனால் கல்லூரி வருவதற்கு வெகுகாலம் முன்பே அது மீனவர் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி நின்றாலே காற்றில் கருவாடு மணக்கும், உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். நான் போனது அங்கே புதிதாக எழும்பியிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடம். கேட்டுக்குப் பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லையாம், அதற்குள் கீல் துருப்பிடித்திருந்தது. அப்பேர்ப்பட்ட காற்று. அதனால்தான் சுவிட்ச் அறைக்கு மட்டும் கதவு இடுக்கெல்லாம் ரப்பர் அடித்து, ஏசி போட்டு, உள்ளே நுழைந்தால் மார்கழி மாதம் மாதிரி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், கடலைப் பார்த்து. அந்த ஜன்னல் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்காகத்தான் வைத்தார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கூட என் உதவிக்கு ஒரு தம்பி, பாகூர்ப் பக்கத்துப் பையன், டிப்ளமா முடித்துவிட்டு இப்போதுதான் வேலைக்கு வந்தவன். நாலு அட்டைப் பெட்டியையும் பிரித்தோம். சிஸ்கோ காட்டலிஸ்ட் 9300. புதுச் சாமான் வாசனை தெரியுமா உங்களுக்கு? அந்தத் தெர்மாகோலும் பிளாஸ்டிக் உறையும் புது உலோகமும் கலந்த வாசனை? நான் உறைக்குள் மூக்கை விட்டு இழுத்தேன், வெட்கமே இல்லாமல் இழுத்தேன். தம்பி ஒரு மாதிரி பார்த்தான். "நீயும் பாரு" என்று நீட்டினேன். அவனும் இழுத்தான். அப்புறம் இருவரும் சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினோம்.

ஸ்டாக் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக எழுப்பிப் பார்த்துவிட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கட்டி ஒரேயடியாக எழுப்பிவிட்டேன். மேலிருந்து மூன்றாவது பெட்டி ஒன்றாம் எண் எடுத்துக்கொண்டது, முதல் பெட்டி நாலாம் எண். எந்தப் போர்ட் எங்கே என்று விரல் வைத்துத் தேடியே ஒரு நாள் போனது. தவறு முழுக்க என்னுடையது. அதிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்புவேன், நாலிலும் ஒரே பதிப்பு மென்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பேன், ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண் கொடுப்பேன், அப்புறம் பிரயாரிட்டி. இந்தப் பிரயாரிட்டிதான் விஷயமே! 1 முதல் 15 வரை கொடுக்கலாம், அதிகம் உள்ளவருக்குத் தலைமை. நாமாக ஒன்றும் கொடுக்காவிட்டால் எல்லோருக்கும் 1தான். மேல் பெட்டிக்கு 15 கொடுத்தேன், இரண்டாவதுக்கு 14, மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு காட்சி. தனியாக எழுகிற சுவிட்ச் தன் நிலையைச் சொல்லிக்கொண்டே வரும் கன்சோல் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? நீல நிறக் கன்சோல் கேபிள், விநாடிக்கு 9600 பிட் வேகம், இன்றைய கணக்கில் நத்தை. எழுத்துகள் ஒவ்வொரு வரியாக நடந்து வரும். அதில் ஓரிடத்தில் ஒரு வரி வரும் பாருங்கள்: இரண்டு இணைப்புகளுமே இல்லை, மற்ற சுவிட்சுகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான் அந்த வரி. என் மனசு ஒரு நிமிஷம் கனத்துவிட்டது, நம்புவீர்களா? ஒரு பெட்டி எழுந்திருக்கிறது, முதுகுக்குப் பின்னால் கை நீட்டித் துழாவுகிறது, இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை, சரி என்று தன் வேலையைத் தான் பார்க்கக் கிளம்புகிறது. நாலு பெட்டியும் ஒவ்வொன்றாக, நாலு தடவை, அதே வரி. நாலாவது தடவை நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "கொஞ்சம் பொறு சாமி, இதோ கட்டிவிடறேன்."

ஒவ்வொன்றும் எழுந்து நிற்க நிமிஷக் கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் தம்பிக்குக் கல்பனா கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேட்டே ஆகவேண்டும். அமெரிக்காவில் சிலிக்கான் பள்ளத்தாக்கில் வினோத் பரத்வாஜ் என்று ஓர் இந்தியர், லாரி பிளேர் என்பவரோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். என்ன பெயர் வைக்கலாம்? மனைவியின் பெயரை வைத்தார்: கல்பனா! 1990 வாக்கில் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஏழு போர்ட் பெட்டிதான் உலகத்தின் முதல் ஈதர்நெட் சுவிட்ச். அதுவரைக்கும் ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டிய கம்பியில், ஒரே நேரத்தில் பல ஜோடிகள் பேசலாம் என்று ஆக்கிக்காட்டியது. 1994இல் அந்தக் கம்பெனியைச் சிஸ்கோ வாங்கிக்கொண்டது. கல்பனா என்றால் நம் கற்பனைதான், வேறென்ன! உலகத்தின் முதல் சுவிட்சே ஒரு பெண்ணின் பெயரில் வந்த கற்பனை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. தம்பி, "இன்னாண்ணா சொல்றீங்க, நம்மாளா?" என்று கேட்ட கேள்வியிலேயே அவனும் மாட்டிக்கொண்டான் என்று தெரிந்துவிட்டது.

ஒன்பது மணி சுமாருக்குக் காவலுக்கு இருந்த பெரியவர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஊர்க்காரர், இளமையில் கடலுக்குப் போனவர். ரேக்கில் நாலு பெட்டி அடுக்கியிருப்பதைப் பார்த்து, "இத்தினியும் எதுக்கு தம்பி?" என்றார். "கட்டி ஒண்ணாக்கப் போறோம்ணே, நாலும் ஒரே பெட்டியாயிடும்" என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "கட்டுமரம் மாதிரின்னு சொல்லு" என்றார்.

ஐயோ! இருபது வருஷமாக இதை விளக்க எனக்கு ஓர் உவமை அகப்படவில்லை, அவர் ஒரு மடக்கு டீயில் சொல்லிவிட்டார்! கட்டுமரம் என்று பெயரிலேயே இருக்கிறதே. தனித்தனிக் கட்டைகள். கடலுக்குப் போகும்போது கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள், திரும்பி வந்ததும் அவிழ்த்துக் கரையில் காயப் போடுவார்கள். இப்போது ஃபைபர் படகு வந்துவிட்டது, ஆனால் அவர் வயதுக்காரர்களுக்குக் கையில் இன்னும் அந்த முடிச்சு இருக்கிறது. "தனியா கெடந்தா அது வெறகு தம்பி. இறுக்கிக் கட்டினாத்தான் கடலுக்குப் போவும். கயிறு ஒரு பக்கம் தளர்ந்தாலும் அலைக்குத் தெரிஞ்சுபூடும்" என்றார். அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டேன். "இருந்து பாத்துட்டுப் போங்கண்ணே, இன்னைக்கு உங்க முன்னாலதான் கட்டணும்."

கட்டுவது என்றால் ரேக்குக்குப் பின்னால் போக வேண்டும். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே ஒன்றரை அடி. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஸ்டாக் கேபிளைக் கையில் எடுத்தேன். இது சாதாரண நெட்வொர்க் கேபிள் மாதிரி இல்லை. பெருவிரல் கனம், வளைக்க வந்தால் முறைக்கும், இரண்டு முனையிலும் அகலமான கனெக்டர், இரண்டு பக்கமும் கையால் திருகும் திருகாணி. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஸ்டாக் ஒன்று, ஸ்டாக் இரண்டு என்று இரண்டு வாய். முதல் பெட்டியின் ஒன்றிலிருந்து இரண்டாவது பெட்டியின் இரண்டுக்கு. அதன் ஒன்றிலிருந்து மூன்றாவதின் இரண்டுக்கு. அப்படியே இறங்கி, நாலாவதின் ஒன்றிலிருந்து மேலே ஏறி முதல் பெட்டியின் இரண்டுக்கு. வளையம்! நேராகச் செருகினால் ஒரு மெல்லிய பிடிப்பு விரலில் தெரியும், அப்புறம் திருகாணியைச் சுற்றச் சுற்ற அது உள்ளே போய் உட்காரும். எட்டு முனை, பதினாறு திருகாணி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். பெரியவர் அந்தப் பக்கம் இருந்து, "இறுகிச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இறுகிச்சுண்ணே." "இன்னொரு சுத்து சுத்து." சுத்தினேன்.

இந்த வளையத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாதாரண நெட்வொர்க்கில் வளையம் என்றால் எங்களுக்குக் குலை நடுங்கும். தெரியாமல் இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டுவிட்டால் ஒரே செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கும் திணறிப் படுத்துவிடும். அதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார், இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது; வளையம் இருந்தால் அதில் ஒரு வழியை அடைத்து, மரக்கிளை மாதிரி ஆக்கிவிடும். அப்படி நாங்கள் பார்த்துப் பயந்து ஒதுக்குகிற அதே வளையம்தான் ஸ்டாக்கின் முதுகில் உயிர்! எந்தப் பக்கமும் அடைப்பு கிடையாது, இரண்டு பக்கமும் ஓடும். 2003இல் காட்டலிஸ்ட் 3750 வந்தபோது அந்த வளையத்தில் விநாடிக்கு 32 கிகாபிட். அதுவே அப்போது வாயைப் பிளக்க வைத்தது. என் முன்னால் இருந்த 9300இல் 480!

இப்போதுதான், இப்போதுதான், கவனமாகக் கேளுங்கள்.

மணி பதினொன்று. இந்தப் பெட்டிகளுக்கு ஆன் ஆஃப் பொத்தானே கிடையாது, பவர் கார்டைச் செருகுவதுதான் தொடக்கம். மேல் பெட்டிக்கு நான், கீழே இருந்தவற்றுக்குத் தம்பி. "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டு வரிசையாகச் செருகினோம். ஏன் சேர்த்துச் செருக வேண்டும் தெரியுமா? முதல் தேர்தலுக்கு 120 விநாடி அவகாசம். அதற்குள் எழுந்தவர்கள்தான் தலைமைக்கு நிற்க முடியும், பிந்தி வந்தவர் உறுப்பினராகச் சேரலாம், தலைமையைக் கேட்க முடியாது. கார்டு உள்ளே போன அடுத்த கணம் காற்றாடிகள் எல்லாம் ஒரே மூச்சில் உயிர்பெற்று முழு வேகத்தில் இரைந்தன பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே கடல் கேட்கவில்லை! ரேக் அதிர்ந்தது, கையை வைத்தால் உள்ளங்கையில் நடுக்கம் ஏறியது, பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அப்புறம் மெல்ல மெல்ல அடங்கி, ஒரு தேன்கூட்டு ரீங்காரமாக வந்து நின்றது. அலை மறுபடி கேட்டது. நாலு பெட்டியிலும் சிஸ்டம் விளக்கு பச்சையாக விட்டு விட்டு எரிந்தது.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தம்பி என் தோளுக்கு மேலே, பெரியவர் அவனுக்கு மேலே. திரையில் எழுத்து நடந்து வருகிறது. எனக்குத் தெரியும் அந்த இடம் வரப்போகிறது என்று. அந்தத் தனிமை வரி வருமே, அந்த இடம். கற்பனை பண்ணிப் பாருங்கள், நாலு தடவை படித்து மனசு கனத்த அந்த இடம். வந்தது. வேறு வரி வந்தது! மற்ற சுவிட்சுகள் எழுவதற்காக 120 விநாடி காத்திருக்கிறேன் என்று வந்தது! காத்திருக்கிறேன்! நான் தம்பியின் கையைப் பிடித்துவிட்டேன். திரையில் ஒரு கட்டக்குறி, இன்னொரு கட்டக்குறி, இன்னொன்று, காத்திருப்பதற்கு அடையாளமாகப் புள்ளிக் கோலம் மாதிரி ஒவ்வொன்றாக விழுகிறது, விழுந்து வரிசையாக நீள்கிறது, நான் மூச்சுவிட மறந்து எண்ணுகிறேன், உள்ளே அந்த வளையத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது, ஒவ்வொரு பெட்டியும் நான் இருக்கிறேன், என் எண் இது, என் பிரயாரிட்டி இது என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டிருக்கிறது, வில்லியனூர்த் தேரில் வடம் பிடித்தவர்கள் எல்லாம் தயாராக நின்று அந்த ஒரு குரலுக்குக் காத்திருக்கிறது மாதிரி, பெரியவலை இழுக்கிறவர்கள் ஒரே மூச்சுக்காகக் காலை மணலில் ஊன்றிக்கொண்டு நிற்கிறது மாதிரி, அப்போது, 120 விநாடி முழுசாக ஓடக்கூட இல்லை, பட்டென்று கட்டக்குறி நின்றது, அடுத்த வரி: சுவிட்ச் எண் 1. அதற்கடுத்த வரி, இதைத்தான் மூன்று வாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்: ஸ்டாக்கில் உள்ள எல்லா சுவிட்சுகளும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன, தேடலை விரைவுபடுத்துகிறேன்! எல்லோரும் வந்துவிட்டார்கள்! இனிமேல் எதற்குக் காத்திருப்பது, வாருங்கள் போகலாம் என்று அதுவே சொல்கிறது! நான் எழுந்து குதித்தேன், லேப்டாப் மடியிலிருந்து சரிந்தது, தம்பி பிடித்தான், பெரியவர் கை தட்டினார், எதற்கென்று தெரியாமல் தட்டினார் என்று நினைக்காதீர்கள், அவருக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

தேர்தல் எப்படி நடக்கிறது என்று பெரியவர் கேட்டார். ஏற்கெனவே தலைமையில் இருப்பவர் இருந்தால் அவரே தொடர்வார். இல்லையென்றால் பிரயாரிட்டி பார்க்கும். அது சமமென்றால் சீக்கிரம் எழுந்தவர். அதுவும் சமமென்றால் எந்தப் பெட்டியின் மேக் முகவரி, அதாவது பிறவியிலேயே கூட வந்த எண், சிறியதோ அது. சண்டை, கள்ள ஓட்டு, மறு எண்ணிக்கை ஒன்றும் கிடையாது. எனக்கு அந்த நேரத்தில் கீழூர்தான் ஞாபகம் வந்தது. எங்கள் வில்லியனூருக்குப் பக்கத்துக் கீழூர், 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சுக்காரரிடமிருந்து விலகி இந்தியாவோடு இணைவதா என்று 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப்போட்டு, 170 பேர் ஆம் என்று சொன்ன இடம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் பேர், கொஞ்ச நேரம், அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே பெயர். அதை இந்த ரேக்குக்கு முன்னால் நின்று நினைத்துப் பார்த்ததில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, மறைக்கவில்லை.

முழுசாக எழுந்ததும் உறுப்பினர் பட்டியலைக் கேட்டேன். நாலு வரி. முதலாவது ஆக்டிவ், நான் கொடுத்த 15. இரண்டாவது ஸ்டாண்ட்பை, 14. அது மட்டும் சிறிது நேரம் தயாராகாமல், தலைமையிடமிருந்து எல்லாவற்றையும் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றது. அப்புறம் அதுவும் தயார். மூன்றும் நாலும் உறுப்பினர், தயார். முகப்பில் பார்த்தால் முதல் பெட்டியில் ஆக்டிவ் விளக்கு நிலையான பச்சை, இரண்டாவதில் அதே விளக்கு மெதுவாக விட்டு விட்டு, தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணை மாதிரி.

இன்னொரு அழகு. முகப்பில் மோட் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மூன்றாவது பெட்டியின் பொத்தானைத் தம்பியை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். நாலு பெட்டியிலும் விளக்குக் கோலம் ஒன்றாக மாறியது! ஒன்றைத் தொட்டால் நாலும் திரும்புகிறது! ஸ்டாக் என்ற நிலைக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியும் தன் எண்ணைத் தன் போர்ட் விளக்கிலேயே காட்டுகிறது: முதல் பெட்டியில் முதல் விளக்கு சிமிட்டுகிறது, இரண்டாவதில் இரண்டாவது விளக்கு, மூன்றாவதில் மூன்றாவது, நாலாவதில் நாலாவது, குறுக்கே ஒரு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. தம்பி திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தான். நான் தடுக்கவில்லை, அடுத்த முறை எனக்கு வேண்டுமே.

அப்புறம் பெரியவர் சொன்ன "கயிறு தளர்ந்தால்" சோதனை. ஒரு லேப்டாப்பில், இருக்கிறாயா இருக்கிறாயா என்று விடாமல் கேட்கும் பிங்கை ஓடவிட்டு, பின்னால் போய் ஒரு ஸ்டாக் கேபிளைக் கழற்றினேன். ஒரு பிங்கூடத் தவறவில்லை! வளையம் அறுந்தால் செய்தி எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்விடுகிறது. வேகம் கேட்டால் 480 என்பது 240 என்றும், முழு வளையம் என்பது பாதி என்றும் வந்தது, அவ்வளவுதான். மறுபடி செருகினேன், மறுபடி முழுசு. அடுத்து துணிந்து தலைமைப் பெட்டியின் மின்சாரத்தையே பிடுங்கினேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றிரண்டு பிங் தவறியது, அதற்குள் ஸ்டாண்ட்பை எழுந்து தலைமையை எடுத்துக்கொண்டது. அதைவிட அழகு என்ன தெரியுமா? மேல் பெட்டி திரும்ப எழுந்து வந்தபோது, பிரயாரிட்டி 15 இருந்தும், பதவியைப் பிடுங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தலைமை ஓடட்டும் என்று தன் இடத்தில் வந்து அமைதியாகச் சேர்ந்துகொண்டது. நான் அந்தத் தகரப் பெட்டியைத் தடவிக்கொடுத்தேன், ஆமாம், தடவித்தான் கொடுத்தேன்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். ஸ்டாக் கேபிள் மூன்று மீட்டருக்கு மேல் கிடையாது, ஆகவே பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வேறு கம்பெனிப் பெட்டியோடு கட்ட முடியாது. எட்டுக்கு மேல் அடுக்க முடியாது. எழுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எடுக்கட்டுமே! அந்த நேரத்துக்காகத்தானே இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றரை மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். பெரியவர் கூடவே கேட்டுவரை வந்தார். நிலா இல்லை, கடல் கறுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. அவர் கரைப் பக்கம் கையைக் காட்டி, ஒரு காலத்தில் அந்த மணலில் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டையை அடுக்கிக் கயிறு போடத் தொடங்குவோம், விடிவதற்குள் கரை தெரியாத தூரம் போய்விடுவோம் என்றார். தம்பி வண்டியை எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றான். மறுநாள் காலையில் அவனே எனக்குப் போன் போட்டு, "அண்ணா, அடுத்த ஸ்டாக் எங்கண்ணா?" என்றான்.

இந்தத் தொழிலில் இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஸ்டாக் கட்டி மின்சாரம் கொடுத்தபின் டீ குடிக்கக் கிளம்பாதீர்கள். டீயை அறைக்கு வரவழைத்துக்கொள்ளுங்கள், கன்சோல் கேபிளைக் கழற்றாதீர்கள், கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த 120 விநாடியை மட்டும் தவறவிடாதீர்கள்.